ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது

போன மாதம் பாபநாசத்திலிருந்து ஒரு போன் வந்தது. என்னிடம் உதவி ஆசிரியையாக இருந்த பெண். இப்போது அவளே ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியர்.

"அக்கா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை இனிமே செல்போன் செயலியில ஏத்தணுமாம். யார் யாரு வந்தாங்கன்னு போட்டோவோட கேக்குது. இங்க ஒரு ஈ காக்கா வரமாட்டேங்குது. நீங்க எப்படித்தான் ஆள் சேத்தீங்க?"

"வடை போட்டேன்" என்றேன்.

"நெசமாச் சொல்லுங்கக்கா."

வடை போட்டதும் நிஜம்தான். மீதி நிஜத்தைப் போனில் சொன்னால் அவளுக்குக் கூட்டம் நடத்துகிற ஆசையே போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு உண்டு. ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர் என்று சிலர் இருந்தாலும் பெரும்பாலும் பெற்றோர்தான். தலைவர் ஒரு மாணவரின் தாயாக இருக்க வேண்டும். பள்ளியும் வீடும் ஊரும் கைகோத்துப் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. சட்டம் எழுதியவர்கள் நல்லவர்கள். அவர்கள் எங்கள் ஊருக்கு வந்ததில்லை.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கும் இதே விஷயம் பாடமாக இருந்தது. சார்ட் அட்டையில் மூன்று வட்டம் வரைந்தோம். பள்ளி, குடும்பம், சமுதாயம். நடுவில் அம்புக்குறிகள். பச்சை ஸ்கெட்ச் பேனா தீர்ந்துபோனதால் சமுதாயத்துக்குப் போகிற அம்பு பாதியில் நின்றது. அப்படியும் எனக்கு முழு மதிப்பெண் கொடுத்தார்கள். அந்தக் கல்வியை முடித்துக்கொண்டு நான் வேதாரண்யம் பக்கம் உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வேலைக்குப் போனேன். வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். தோளில் பை, கையில் குடையுமாக ஒரு தெருவுக்குள் நுழைந்தேன். பெண்கள் ஒவ்வொருவராகக் கொல்லைப் பக்கமாக மறைந்தார்கள். மிஞ்சிய ஒருத்தி, "எனக்கு ஆபரேசன் ஆயிருச்சும்மா, அடுத்த வீட்டுல கேளு" என்றாள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று நினைத்திருக்கிறார்கள். பையும் குடையுமாக அந்தத் தெருவுக்கு வந்த எவரும் அதுவரை நல்ல சேதி எதுவும் கொண்டு வந்ததில்லை.

அதற்குப் பின் பல பள்ளிகள், பல தெருக்கள். எல்லாவற்றையும் தாண்டி, கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனேன். சுற்றிலும் நஞ்சை. நடுவில் சிறிய கடைத்தெரு, அதை ஒட்டி முஸ்லிம் குடும்பங்கள் இருக்கும் பள்ளிவாசல் தெரு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விவசாயக் கூலிகளாக இருந்து இப்போது சிறு விவசாயிகளாகவும் கொத்தனார்களாகவும் ஒன்றிரண்டு நர்ஸுகளாகவும் ஆகிவிட்டவர்களின் தெரு.

பொறுப்பேற்கப் போன அன்று பள்ளியின் கேட் பூட்டியிருந்தது. பூட்டு பள்ளிக்கூடத்துடையது அல்ல. கேட்டுக்கு முன்னால் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போக முடியாத ஆசிரியர்கள் புளியமரத்தடியில் நின்றார்கள். பள்ளியின் ஒரே கணக்கு ஆசிரியரை அலுவலக வேலைக்கென்று மாற்றுப் பணியில் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பல மாதமாகக் கணக்குப் பாடமே இல்லை. டீக்கடை கலியமூர்த்தி நடுவில் நின்று முழங்கிக்கொண்டிருந்தார். அவர் பேச்சில் மத்திய அரசு, மாநில அரசு, மேட்டூர் அணை எல்லாம் வந்தன. கணக்கு வாத்தியார் மட்டும் வரவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பூட்டின் சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது. அதுதான் அவர் மனைவி செல்வி. நடவுக்குப் போகிற பெண்களை அழைத்துச் செல்வது அவள்தான். கலியமூர்த்தி ஊரையே கூட்டுவார், பூட்டுகிற வேலை செல்வியுடையது.

எனக்கு உள்ளே போக வழியில்லை, திரும்பிப் போகவும் முடியாது. "எனக்கும் கணக்கு வராது, நானும் இங்கயே உக்காந்துக்கவா?" என்று கேட்டேன். செல்வி நகர்ந்து இடம் விட்டாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வட்டாரக் கல்வி அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அருணாசலம் சார். வண்டி சீட்டில் விரித்திருந்த துண்டை எடுத்து உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு, போராட்டக்காரர்கள் நடுவில் என்னைப் பார்த்தார்.

"புதிய தலைமையாசிரியர் தரையில் அமர்ந்திருப்பது காணப்படுகிறது" என்றார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அருணாசலம் சார் யார் மீதும் குரல் உயர்த்தியதில்லை. ஒரு காரியத்தை யார் செய்தார்கள் என்பதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வருடக்கணக்காகக் கோப்புகளில் எழுதி எழுதி அவர் பேச்சிலிருந்து ஆட்கள் உதிர்ந்துபோயிருந்தார்கள். டீ கொடுத்தால் "தேநீர் அருந்தப்பட்டது" என்பார். தலை வலித்தால் "தலைவலி ஏற்பட்டுள்ளது". ஒருமுறை பள்ளி வராந்தாவில் வழுக்கி விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். "ஒன்றுமில்லை, விழ நேர்ந்தது" என்றார். ஆய்வுக்கு வந்தால் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன் நோட்டுகளைப் பார்ப்பார். நோட்டில் இருந்தால் நடந்தது, இல்லையென்றால் நடக்கவில்லை. பையிலிருந்து சொந்த டம்ளரை எடுத்து, பள்ளித் தண்ணீரைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அந்த ஒரு சோதனை மட்டும் உண்மையான சோதனை. அதற்குப் பயந்து நாங்கள் தொட்டியைச் சுத்தமாக வைத்திருந்தோம்.

கணக்கு ஆசிரியர் அடுத்த வாரம் திரும்பி வந்தார். செல்வி பூட்டைத் திறந்து எடுத்துக்கொண்டு போனாள். குழுவுக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் எல்லாப் பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு செல்வியைப் பார்த்தார்கள். இப்படித்தான் அவள் தலைவரானாள்.

அப்படிச் சொன்னாலும், தலைவருக்கான நாற்காலியில் உட்கார்ந்தது கலியமூர்த்திதான். "நான் தலைவர் வீட்டுக்காரர்" என்று அறிமுகம் செய்துகொண்டு, வெள்ளை வேட்டியை ஒதுக்கி, முதல் கூட்டத்திலேயே அதில் அமர்ந்துவிட்டார். செல்வி ஜன்னலோரம் நின்றாள். கையெழுத்துப் போடும்போது மட்டும் மேசைக்கு வருவாள். நான் ஒன்றிரண்டு முறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் பெரிய டீச்சர், அவருக்கு இதுல ஒரு சந்தோசம்" என்றாள்.

கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் நடக்க வேண்டும் என்பது உத்தரவு. அந்த நேரத்தில் தாய்மார்கள் வயலில் இருப்பார்கள், அப்பாக்கள் வேலையில் இருப்பார்கள், மிச்சம் இருக்கிற நானும் கலியமூர்த்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருப்போம். வடை ஆறிப்போகும். ஒரு குறுவை நடவின்போது எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்கான பேனரைச் சுருட்டிக்கொண்டு வயலுக்கே போனேன். பெண்கள் கரையேறிச் சாப்பிடுகிற நேரம். வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் பேனரைப் பிடித்துக்கொள்ள, நான் ஒரு காலைச் சேற்றிலும் ஒரு காலை வரப்பிலும் வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தினேன். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியவந்தது. பிள்ளைகள் என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே ஒரு கொத்தனார் அப்பா வந்து மாட்டிவிட்டுப் போனார்.

வரப்புக் கூட்டத்தின் போட்டோவைப் பார்த்த அருணாசலம் சார் கூப்பிட்டு அனுப்பினார்.

"கூட்டம் பள்ளி வளாகத்தில் நடத்தப்பட வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டுள்ளது. இதில் எருமை ஒன்று காணப்படுகிறதே."

"அது உறுப்பினர் இல்ல சார். வேடிக்கை பாக்க வந்தது."

அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் யோசித்து, 'பள்ளி வளாகத்துக்கு அண்மையில்' என்று நோட்டில் எழுதச் சொன்னார். எருமையைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

அதன் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சத்துணவு முட்டை சின்னதாக இருக்கிறது, வாத்தியார் செல்போன் பார்க்கிறார், வேலியில் ஓட்டை, எல்லாவற்றையும் பேசினார்கள். நான் உச்சி குளிர்ந்துபோனேன். பயிற்சிக் கூட்டங்களில் என்னை எழுந்து நின்று அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். நானும் சொன்னேன். மக்களிடம் பள்ளியை ஒப்படையுங்கள், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பேசிக் கைதட்டு வாங்கினேன்.

பார்த்துக்கொண்டார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பள்ளிவாசல் தெருவில் மும்தாஜ் என்று ஒரு பெண். கணவர் வளைகுடாவில் டிரைவர். வீட்டு முன்னறையில் சின்னதாக மளிகைக்கடை வைத்திருந்தாள். அவளுக்கு ஒரே மகள், ரிஸ்வானா. ஆறாம் வகுப்புக்குத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தாள். அதிகம் பேசமாட்டாள், கையெழுத்து மணிமணியாக இருக்கும். மும்தாஜ் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. மகளைக் கேட்டில் விட்டுவிட்டு, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரிடமும் பேசாமல் போய்விடுவாள்.

ஒருநாள் அறிவியல் வகுப்பில் ரிஸ்வானாவுக்கு வலிப்பு வந்தது. சத்தம் கேட்டு நான் ஓடினேன். பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்காரும் சிறுமி பெஞ்சின் மேல் ஏறி நின்று இறங்க மறுத்தாள். பி.எஸ்சி., பி.எட். முடித்த எங்கள் அறிவியல் ஆசிரியர் பீரோச் சாவிக்கொத்தை எடுத்துவந்து அவள் கையில் திணித்துக்கொண்டிருந்தார். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒருவர் வெங்காயத்தை வெட்டிக்கொண்டு வந்தார். நான் என் பங்குக்கு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே அடங்கியது. கண் திறந்தபோது அவள் கையில் பீரோச் சாவி, மூக்கருகே வெங்காயம், சுற்றிலும் அரண்டுபோன நாங்கள். பாவாடை நனைந்திருந்தது. அதைத்தான் அவள் முதலில் பார்த்தாள்.

மும்தாஜ் வந்து மகளைத் தோளில் சாய்த்து அழைத்துப் போனாள். வாசலில் என்னிடம், "நாகப்பட்டினத்துல பெரிய ஆஸ்பத்திரில வைத்தியம் பாக்குறோம் டீச்சர். மாத்திரை விட்டுப்போச்சு. இவ அத்தா வீட்டு ஆளுங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?" என்றாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை. அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது.

மறுநாள் அந்த வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. மூன்றாம் நாள் கலியமூர்த்தி ஒரு கூட்டத்தோடு வந்தார். அந்தப் பெண்ணை வேறு பள்ளிக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவோம் என்றார்கள். காற்று சேட்டை என்றார் ஒருவர். எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றார் இன்னொருவர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு, இந்தப் பக்கத்துத் தெரு, பள்ளிவாசல் தெரு, எல்லாத் தெருவிலிருந்தும் வந்திருந்தார்கள். மும்தாஜின் நாத்தனார் சபுராவும் நின்றாள். சாதி மதம் பார்க்காமல் அந்த ஊர் அப்படி ஒற்றுமையாக நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மூன்று வட்டங்களும் அம்புக்குறியும் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டன.

"டீச்சரம்மா, நீங்கதான சொன்னீங்க, பள்ளிக்கூடம் எங்களோடதுன்னு. குழுவுல தீர்மானம் போட்டுடுவோம்" என்றார் கலியமூர்த்தி. என் வாயாலேயே என்னை மடக்கிவிட்டார்.

அருணாசலம் சாரிடம் ஓடினேன். எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கச் சட்டத்தில் இடமில்லை, ஓர் உத்தரவு போடுங்கள் என்றேன். அவர் டம்ளரைத் துடைத்தபடி யோசித்தார்.

"உத்தரவு பிறப்பிக்கப்படலாம். ஆனால் பிற மாணவர்கள் விலகினால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் பள்ளி அடுத்த ஊரோடு இணைக்கப்படும். இதற்கு வேறு ஒரு வழி காணப்படுகிறது." ஒரு தாளை எடுத்து அழகான கையெழுத்தில் எழுதினார்: 'மாணவியின் உடல்நலன் கருதி, தாயாரின் விருப்பத்தின் பேரில், மாற்றுச் சான்றிதழ் வழங்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

"அந்தம்மா விரும்பல சார்."

"விருப்பம் தெரிவிக்கப்படும்" என்றார்.

தெரிவிக்கப்பட்டது. நான் பள்ளிக்குத் திரும்பியபோது மும்தாஜ் அலுவலக அறை வாசலில் காத்திருந்தாள். "டீ.சி. குடுத்துருங்க டீச்சர். கடைக்கு ஒருத்தரும் வர்றதில்ல. சபுரா மாமிகூட எங்க வீட்டுத் தண்ணி குடிக்கமாட்டேங்குது. நாங்க எங்கயாவது போய்க்கிறோம்."

"எங்க போவ?"

"தெரியல."

"அங்கயும் வலிப்பு வந்தா?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கேட்கிறவருக்கு டீ.சி. கொடுக்காமல் இருக்கவும் எனக்கு அதிகாரம் கிடையாது. "பள்ளி சீல் எங்க வச்சேன்னு தெரியலம்மா, தேடணும். கூட்டம் முடிஞ்சு பாத்துக்கலாம். கூட்டத்துக்கு நீயும் வா" என்றேன். சீல் என் கைப்பையில் இருந்தது. உண்மை பேச வேண்டும் என்று சுவரில் எழுதி வைத்த பள்ளியில்தான் இதைச் சொன்னேன்.

அன்று மாலை செல்வியைத் தேடி வயல் பக்கம் போனேன். நாற்றுக்கட்டுகளுக்கு நடுவே குனிந்து நின்றவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நான் என்னாங்க பண்றது, எங்க வீட்டுக்காரரே முன்ன நிக்கிறாரு" என்றாள். அவ்வளவுதான். நான் சேற்றுச் செருப்போடு திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம். என் பணிக்காலத்தில் எல்லா உறுப்பினர்களும் சொன்ன நேரத்துக்கு வந்த கூட்டம் அது ஒன்றுதான். உறுப்பினர் அல்லாதவர்களும் வராந்தா வரை நின்றார்கள். வடை பத்தவில்லை. அருணாசலம் சார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் எழுதிய தாள் தீர்மான நோட்டுக்குள் இருந்தது. தலைவர் நாற்காலியில் கலியமூர்த்தி. ஜன்னலோரம் செல்வி. மும்தாஜ் உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

நான் சட்டத்தைச் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. கலியமூர்த்தி எழுந்து, யார் மனதையும் புண்படுத்துவது எங்கள் நோக்கமல்ல என்று ஆரம்பித்துப் புண்படுத்திவிட்டு, "எல்லாருக்கும் சம்மதந்தான?" என்று கேட்டார். "ஆமாம்" என்று கூட்டம் இரைந்தது. அருணாசலம் சார் பேனா மூடியைக் கழற்றிச் செல்வியைப் பார்த்தார். கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்.

செல்வி மேசைக்கு வந்தாள். பேனாவை வாங்கவில்லை. வாசலைப் பார்த்து, "மும்தாஜு, உள்ள வா. இப்படி முன்னால வந்து உக்காரு" என்றாள். பிறகு கணவரிடம் திரும்பினாள். "நீங்க கொஞ்சம் எந்திரிங்க."

"ஏன்?"

"அது என் நாற்காலிங்க."

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். கலியமூர்த்தி அருணாசலம் சாரைப் பார்த்தார். சார் நோட்டைப் பார்த்தார். "விதிகளின்படி அது தலைவர் அமரும் இடமாகக் கருதப்படுகிறது" என்றார். கலியமூர்த்தி எழுந்தார், எங்கே போவதென்று தெரியாமல் கடைசியில் ஜன்னலோரம் போய் நின்றார். செல்வி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. சார், ஒருமனதான்னா என்னா?"

"அனைவருக்கும் ஒரே கருத்து என்று பொருள்படும்."

"அப்ப அனைவரும் சொல்லணும்ல. இப்ப மொத்தமா ஆமான்னாங்க, அதுல யாரு சொன்னாங்க, யாரு சும்மா இருந்தாங்கன்னு எனக்குத் தெரியல. கையெழுத்து என்னோடது. அதனால ஒருத்தர் ஒருத்தரா எந்திரிங்க. பேரச் சொல்லுங்க. மும்தாஜ் முகத்தப் பாத்து, உம் பொண்ணு இங்க படிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. எல்லாரும் சொல்லிட்டா நான் போட்டுடுறேன்."

வரிசையில் முதலில் சபுராதான் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். "சபுரா பீவி" என்றாள். தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது" என்று உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவர், "எல்லாரும் என்ன சொல்றாங்களோ அதான் எனக்கும்" என்றார். "எல்லாரையும் நான் அப்பறம் கேட்டுக்குறேன். நீங்க சொல்லுங்க" என்றாள் செல்வி. அவர் தண்ணீர் குடிக்க வெளியே போனார், திரும்பி வரவில்லை. மூன்றாவது ஆள் பெயரைச் சொன்னதோடு சரி.

இப்படியே எல்லாரும் நழுவிவிடுவார்கள் என்று நான் மூச்சு விட ஆரம்பித்த நேரம் ஒருவர் எழுந்தார். டிராக்டர் ஓட்டும் தங்கராசு. பெஞ்சின் மேல் ஏறி நின்ற சிறுமியின் அப்பா.

"எம்பேரு தங்கராசு. நான் சொல்லுவேன்" என்றார். மும்தாஜைப் பார்த்துத்தான் பேசினார். "உம் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லம்மா. பேயி, காத்து அதெல்லாம் நான் நம்புற ஆளும் இல்ல. எம் பொண்ணு தூங்கமாட்டேங்குது. சோறு எறங்கல அதுக்கு. பள்ளிக்கூடம்னாலே நடுங்குது. எம் புள்ளைக்காக நான் கேக்கத்தான செய்யணும். உம் பொண்ண வேற எங்கயாச்சும் சேத்துடும்மா."

அவர் சொன்னது நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் கஷ்டம். சார் பேனாவை நோட்டின் மேல் வைத்தார். நான் மேசைக்கடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மும்தாஜ் பேசினாள். கடைக்கு வெளியே அவள் குரலை முதன்முதலாகக் கேட்டவர்கள் அங்கே நிறையப் பேர்.

"எனக்கும் பயந்தாண்ணே. மொதமொத வீட்டுல வந்தப்ப நான் தெருவுக்கு ஓடிட்டேன். பெத்தவ நான், அத உள்ள போட்டுட்டு வாசல்ல நின்னேன். அப்பறம் வேற யாரு போவான்னு நெனச்சு நாந்தான் உள்ள போனேன். ஒங்க பொண்ணு பயந்தது தப்பில்லண்ணே."

தங்கராசு உட்காரவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "வந்தா என்னதான் செய்யணும்?" என்று கேட்டார்.

"ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். தலைக்கடில எதாச்சும் மெத்துனு வைக்கணும். புடிச்சு அமுக்கக் கூடாது, வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. தானா நின்னுடும். ரொம்ப நேரம் நிக்கலன்னா ஆம்புலன்ஸக் கூப்புடணும். டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாங்க."

"கையில இரும்பு?"

"அதெல்லாம் வேணாண்ணே."

அறிவியல் ஆசிரியர் கூரையைப் பார்த்தார்.

"எம் பொண்ணுகிட்ட இத யாராச்சும் சொன்னா தேவலாம்" என்று சொல்லிவிட்டுத் தங்கராசு உட்கார்ந்தார். "நான் சொன்னது கெடக்கட்டும், எழுதாதீங்க."

செல்வி மிச்சம் இருந்தவர்களைப் பார்த்தாள். ஒருவரும் எழவில்லை. "சார், அனுப்புறதுன்னு யாரும் சொல்லல. அப்படியே எழுதிக்குங்க" என்றாள். அருணாசலம் சார் அழகாக எழுதிய தாளை நோட்டிலிருந்து எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து வண்டிச் சீட்டில் துண்டை விரிக்கும்போது என்னிடம், "எங்க அக்காவுக்கு இது இருந்துச்சும்மா. படிக்க அனுப்பல" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகு எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். சில குடும்பங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டன. எண்ணிக்கை குறைந்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வந்தது. அனுப்பியவர் அருணாசலம் சார்தான். சபுரா வெகுநாள் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கவில்லை. கலியமூர்த்தி மட்டும் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, "எங்க வீட்டம்மா போட்டாங்க பாரு ஒரு போடு" என்று டீக்கடையில் கதை சொல்ல ஆரம்பித்தார். அதில் நாற்காலியை அவரே விட்டுக்கொடுத்ததாக வந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு டாக்டரை அழைத்துவந்து பிள்ளைகளிடமும் ஆசிரியர்களிடமும் பேச வைத்தேன். தங்கராசின் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். ரிஸ்வானாவுக்கு இன்னொரு முறை வகுப்பில் வந்தபோது அவள் பெஞ்சில் ஏறவில்லை. அழுதாள், அழுதுகொண்டே புத்தகப் பையைத் தலைக்குக் கீழே தள்ளினாள்.

செல்வியிடம் ஒருநாள் கேட்டேன், வயலில் கையை விரித்தவள் கூட்டத்தில் எப்படிப் பேசினாள் என்று.

"நான் கையெழுத்துப் போடத்தான் வந்தேன் பெரிய டீச்சர். அந்தப் பொண்ணு வெயில்ல நின்னுட்டு இருந்துச்சு. உள்ள கூப்புட்டேன். கூப்புட்டாச்சுன்னா அப்பறம் முகத்தப் பாக்காம எப்படி?" என்றாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வழக்கம்போல ஆள் இல்லை. வடை மிஞ்சியது. செல்வி தன் நாற்காலியில் இருந்தாள். எதிரே ஒரே ஒரு பெற்றோர், மும்தாஜ். நான் நலம் விசாரித்தேன். அவள் பையிலிருந்து மகளின் கணக்கு நோட்டை எடுத்து மேசையில் விரித்தாள். பக்கம் பக்கமாக வெள்ளையாக இருந்தது.

"என்ன டீச்சர் இது? எல்லாப் புள்ளைக்கும் வீட்டுப்பாடம் இருக்கு, எம் பொண்ணுக்கு இல்ல. கேட்டா, நீ சும்மா இருன்னு சார் சொல்லிட்டாராம். வலிப்பு வர்ற புள்ளைக்கு வகுத்தல் வராதா?"

ஆசிரியர் உறுப்பினராக வந்திருந்த கணக்கு சார் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். பயந்துகொண்டு ரிஸ்வானாவை யாருமே ஒரு கேள்வி கேட்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கேக்குறாங்கல்ல, பதில் சொல்லுங்க பெரிய டீச்சர்" என்றாள் தலைவர்.

மறுநாள் மாலை ரிஸ்வானா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடம் கொடுக்கச் சொன்ன என்னைத் தங்கராசு மகளிடம் திட்டியபடியே வீட்டுக்குப் போனாள். நோட்டு நிறைய வகுத்தல்.